வாவல்பாறையும் எலுமிச்சஞ்சோறும்

திருவனந்தபுரம், சாலை
1937 மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

பகவதி எழுதுவது. அம்மையும் நானும் சுகம். அம்மைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் வடிந்ததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மதராஸ் தண்ணீர் உங்களுக்குப் பிடித்ததா, புது ஆபீஸ் எப்படி, துரை எப்படி என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி நான் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

நம் குகைச் சங்கத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. காரியதரிசி சத்தியநேசன் தம் பழவங்காடிப் புத்தகக் கடையிலிருந்து ஒரு பிரதியை என் பள்ளிக்கூடத்துக்கே ஆள் வசம் கொடுத்தனுப்பியிருந்தார். பூகோள வகுப்பை முடித்துவிட்டு, மற்ற டீச்சர்மார் சுற்றி நிற்க, பெருமையாகப் பிரித்துப் படித்தேன். ஏன் பிரித்தோம் என்று ஆகிவிட்டது. அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜனவரி மாதம் வித்துராவை அடுத்த வாவல்பாறையில், இதுகாறும் மனிதர் புகாத ஓர் இடுக்கு வழியே ஸ்ரீ குற்றாலலிங்கம் தனியே ஊர்ந்து சென்று, உள்ளே விசாலமான அறை ஒன்றைக் கண்டார். முதலில் புகுந்தவர் பெயரை இடத்துக்கு இடும் நம் வழக்கப்படி அது இனி குற்றாலலிங்கம் அறை எனப்படும். அவருடைய சகோதரி குகைவாயிலில் அங்கத்தினர்களுக்கு எலுமிச்சஞ்சோறு பரிமாறி உபசரித்தார்."

அண்ணா, எலுமிச்சஞ்சோறு உண்மை. மற்றதெல்லாம் யாருடைய கற்பனை?

அன்றைக்கு மற்ற எல்லாரும் மேல் குகைக்கு ஏறிப் போய்விட்டார்கள். கீழே அந்த இடுக்கின் முன்னால் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்தீர்கள். உடனே வெளியே வந்து பாறையில் சாய்ந்துவிட்டீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "மூச்சு முட்டுகு பகவதி, என்னால ஆகாது" என்றீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் இன்றுவரை ஒருவரிடமும் நான் மூச்சுவிடவில்லை. பிறகு நான் மரத்துக்குப் பின்னால் போய் உங்கள் பழைய காக்கிக் கால்சராயை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். போகிற வழியை எல்லாம் சத்தம் போட்டு உங்களுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்த அறைக்குள் நான் எழுந்து நின்றேன். டார்ச்சைத் தூக்கிப் பிடித்தும் கூரை எட்டவில்லை, வாவல்கள் மட்டும் அசைந்தன. ஓரத்தில் கரமனை ஆற்றில் இருப்பதுபோலச் சுத்தமான மணல். அதில் என் காலடியைத் தவிர வேறு காலடி கிடையாது. பிறந்ததிலிருந்து எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அதுதான். அதற்கு உங்கள் பெயரா?

சத்தியநேசன் ஏதோ குழப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு கார்டு போடுங்கள். "உள்ளே போனது என் தங்கை பகவதி. நான் வெளியே கயிறு பிடித்தேன்." அவ்வளவு போதும், திருத்திவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் தயிர் வேண்டாம்.

உங்கள் தங்கை
பகவதி

*

மதராஸ், திருவல்லிக்கேணி
1937 மார்ச் 29

தங்கச்சி பகவதிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நான் சுகம். அம்மையின் காலுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தவேண்டாம். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு வாடை. ஆபீஸ் வேலை பிடித்திருக்கிறது. டாட்ஸன் துரை நல்ல மாதிரி. தேயிலை இயந்திரம் விற்கிற கம்பெனிக்கு அவர் தலைவர் என்று பேர், மனிதருக்கு மலை, குகை என்று சுற்றுவதில்தான் பிரியம்.

அறிக்கை விஷயம். அச்சானதை இனி என்ன செய்வது. நீயும் சற்று யோசிக்கவேண்டும். கால்சராய் போட்டுக்கொண்டு பாறை இடுக்கில் ஊர்ந்தாய் என்று அச்சில் வந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவார்கள்? அத்தை தன் மகன் கோலப்பனுக்குப் பார்க்கலாமென்று உன் ஜாதகத்தை வாங்கி வைத்திருக்கிறாள். கோலப்பனும் சங்கத்தில் இருக்கிறான், அவன் கண்ணில் படாமல் போகுமா? அம்மைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். ஒரு குகைக்கு யார் பெயர் இருந்தால் என்ன, நம் குடும்பத்துக்குள்தானே இருக்கிறது.

மாம்பழம் வரத் தொடங்கிவிட்டதா?

அன்புள்ள அண்ணன்
குற்றாலலிங்கம்

*

திருவனந்தபுரம்
1937 ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

இங்கே உடம்பால் எல்லாரும் சுகம். மாம்பழம் வந்துவிட்டது.

அம்மை தாங்கமாட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால்சராயையும் எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேலையக் கட்டிட்டு அந்தப் பொந்துக்குள்ள எப்பிடிட்டி போவ? முட்டுல கிழிஞ்சிருக்கு பாரு, கொண்டா, தச்சுத் தாறேன்" என்றாள். தைத்தும் தந்துவிட்டாள். ஆகவே அம்மையைக் காரணம் சொல்வதை இதோடு விட்டுவிடுங்கள்.

நேற்றுப் பழவங்காடிக்குப் போனேன். கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு சத்தியநேசன் கடைக்குள் நுழைந்து, ஏன் இப்படி அச்சடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் சொன்னார்: "டீச்சர் கோவிக்கக் கூடாது, கேட்டோ. நான் மேல் குகையிலல்லவா இருந்தேன். ஒங்க அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்ததை அப்படியே அச்சுக்குக் குடுத்தேன். எலுமிச்சஞ்சோறு மட்டும் நான் சேத்தது. நன்றி சொல்லாட்டா மரியாதை இல்லியே."

இத்தனை நாளும் அந்த மனிதரை நான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். எழுதியது நீங்கள். மதராஸ் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள், நான் உங்கள் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்.

நான் நடந்ததைச் சொன்னேன். சத்தியநேசன் சிரித்தார். "அண்ணன் தங்கச்சி வழக்கு வீட்டுக்குள்ள தீரட்டும்" என்று சொல்லி, அடுத்து வந்தவருக்குப் பென்சில் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

ஏன் எழுதினீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வெயிலைப்பற்றி வேண்டாம்.

பகவதி

*

மதராஸ்
1937 மே 20

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். நான் சுகம். அதிக வேலையால் எழுதத் தாமதம். உனக்கு ஒரு காஞ்சிபுரம் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன், மாம்பழ நிறம், அரக்குக் கரை. அம்மைக்கு ஒரு கம்பளி. கிடைத்ததும் எழுது. இங்கே வெயில் தாங்கவில்லை.

குற்றாலலிங்கம்

*

திருவனந்தபுரம்
1937 ஜூன் 2

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். மழை பிடித்துவிட்டது. கம்பளியை அம்மை போர்த்திக்கொண்டிருக்கிறாள். சேலை நல்ல சேலை, நிறமும் நான் ஆசைப்பட்ட நிறம். பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. நான் கேட்டது ஒரு கார்டு. பார்சலைக் கட்டி அரக்கு வைத்த நேரத்தில் அதை எழுதியிருக்கலாம்.

அஞ்சல் ஆபீஸில் இருக்கும் கோலப்பன் அத்தான் டைபாய்டில் கிடந்து எழுந்திருக்கிறார். அந்தப் பெரிய உடம்பு பாதியாகிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது, வாயைத் திறக்கும்வரை. "பகவதி, அடுத்த மட்டம் சோத்துக்கு அப்பளமும் உண்டுமா?" என்று கேட்கிறார். சங்கத்தார் என்னை எங்கே கண்டாலும் இதே கேலிதான். எனக்கு இப்போது எலுமிச்சம்பழத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பகவதி

*

திருவனந்தபுரம்
1937 செப்டம்பர் 10

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. முழுவதும் படியுங்கள்.

இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வாவல்பாறைக்குப் போகிறார்கள். கோலப்பன் அத்தான் அந்த இடுக்கில் நுழையப் போகிறார். இளைத்த உடம்பு மறுபடி ஏறுவதற்குள் உங்கள் அறையைப் பார்த்துவிடவேண்டுமாம். நேற்றுக் கூட்டத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்திருந்த வழி விவரத்தைச் சத்தியநேசன் வாசித்தார். "இடுக்கு சரிவாக இறங்கி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் அறை. வலது பக்கம் ஆழமான குழி, ஜாக்கிரதை."

அண்ணா, இது தலைகீழ். இடது பக்கம்தான் குழி.

நான் எப்படிப் போனேன் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். சரிவான இடுக்கில் தலையை முதலில் விட்டால் திரும்பி வர வகையில்லை என்று, குப்புறப் படுத்துக் கால்களை முதலில் விட்டுப் பின்பக்கமாக ஊர்ந்தேன். என் தலை வாசல் பக்கம், கால் குகைப் பக்கம். என் இடது கை இருந்த பக்கம், தலையை முதலில் விட்டுப் போகிறவருக்கு வலது. "எடப் பக்கம் போறேன்" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். வெளியே இருந்த நீங்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டீர்கள். காலை முதலில் விட்டதை மட்டும் எழுதவில்லை. வீரர் பின்பக்கமாக ஊர்ந்தார் என்று எழுதக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை போலும்.

அந்தப் பிரிவில் என் வலது கால் வெறும் காற்றில் தொங்கியது. ஒரு கல்லைக் காலால் உருட்டிவிட்டேன். சத்தம் வர நேரமாயிற்று, வந்தது தண்ணீரில் விழுந்த சத்தம். அது ஜனவரி. இப்போது மலை மழையெல்லாம் அதற்குள்தான் இறங்கியிருக்கும்.

கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். சத்தியநேசன், "போனவர் எடதுன்னு எழுதியிருக்கார். வெளிய நின்னவங்க வலதுன்னு சொல்றீங்க. சங்கம் யாரை நம்பும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

என் பெயர் கிடக்கட்டும். அதைப் பிறகு சண்டை போட்டு வாங்கிக்கொள்கிறேன். சத்தியநேசனுக்கு ஒரு தந்தி கொடுங்கள். வலது என்ற ஒரு சொல் போதும்.

பகவதி

*

தந்தி, மதராஸ், செப்டம்பர் 15

அம்மைக்கு. பகவதியை வித்துரா அனுப்பவேண்டாம். மழை அபாயம். கடிதம் பின்னால். குற்றாலலிங்கம்.

*

திருவனந்தபுரம்
1937 செப்டம்பர் 16

குகைச் சங்கக் காரியதரிசி அவர்களுக்கு,

வந்தனம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமென நம்புகிறேன்.

கூட்டத்தில் நான் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். எழுத்தில் தருகிறேன். வாவல்பாறை இடுக்கில், தலையை முதலில் விட்டுப் போகிறவருக்கு இடது பக்கம் இருப்பது குழி. நான் உள்ளே போனேன் என்பதைத் தாங்கள் நம்பவேண்டாம். என் அண்ணன் பொய் சொன்னார் என்பதையும் நம்பவேண்டாம். திரு. கோலப்பன் பிரிவை அடைந்ததும், இடது பக்கம் ஒரு கல்லை உருட்டிவிடச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அவர் திரும்பட்டும். கேட்காவிட்டால் நான் இனி சங்கத்தின் பக்கமே வரமாட்டேன்.

ஒரு கல்லை உருட்ட உங்களுக்கு என்ன கஷ்டம்?

இப்படிக்கு,
பகவதி

*

பழவங்காடி
1937 செப்டம்பர் 20

கனம் பகவதி டீச்சர் அவர்களுக்கு,

வந்தனம். கர்த்தர் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம். தங்கள் தாயார் கால்நோவு நீங்கச் செபிக்கிறேன்.

தங்கள் கடிதத்தை அங்கத்தினர்கள் முன் வைத்தேன். அறையினுள் சென்று மீண்ட ஓர் அங்கத்தினர் கையொப்பமிட்ட விவரத்தைக் கல்லை உருட்டிச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகும் என்பது எல்லாருடைய அபிப்பிராயம். ஆயினும் தங்கள் கவலையை மதிக்கிறோம். ஸ்திரீகள் குகைவாயில்வரை வருவதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. சென்ற முறையைப்போலவே ஆகார ஏற்பாட்டைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் சங்கம் நன்றியுடையதாகும்.

இப்படிக்கு,
சத்தியநேசன்
காரியதரிசி

*

திருவனந்தபுரம்
1937 செப்டம்பர் 29

அண்ணனுக்கு,

கோலப்பன் அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் தந்தியை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் இத மழைக்காவ அடிக்கல்ல. அவனுக்கு என்னமோ சங்கடம் இருக்கு. நீ கால்சராய எடுத்து வையி, நானும் வாறேன்" என்றாள். நோகிற காலோடு பஸ்ஸில் வித்துராவரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்து, பாறையடியில் ஒரு வேர்மேல் உட்கார்ந்துவிட்டாள். சோறு கொண்டுபோகவில்லை. சங்கத்தார் வித்துராச் சந்தையில் வாழைப்பழம் வாங்கித் தின்றார்கள்.

அத்தான் தலையை முதலில் விட்டு நுழைந்தார். கல்லை உருட்டுங்கள் என்று நான் கத்தினேன். "எலுமிச்சம்பழத்த உருட்டட்டா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வெளியே எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கயிறு விறுவிறுவென்று ஓடியது. பிடித்திருந்தவர்கள் கை உரிந்தது. பிறகு கயிறு நின்றது. ஒரு அலறல் கேட்டது, அப்புறம் முனகல்.

ஆளுக்கொரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. எங்கோ வெடிப்பில் சிக்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே போய் எடுத்துவிட அவர்களில் ஒருவருக்கும் உடம்பு நுழையாது. நான் சேலையை அவிழ்த்து அம்மை மடியில் போட்டேன். உள்ளே கால்சராய் போட்டுத்தான் வந்திருந்தேன். ஒருவரும் கேலி பேசவில்லை, அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

முன்போலவே காலை முதலில் விட்டுப் போனேன். பிரிவில் கயிறு இரண்டு பாறைக்கு நடுவே மாட்டியிருந்தது. அத்தான் குழிச் சரிவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் தலைமயிரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பகவதியா? பகவதியா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கயிற்றை விடுவித்து, அவரை வெளியே இழுக்க வழிவிட்டு நான் அறைப்பக்கம் ஒதுங்கினேன். இழுக்கச் சொல்லிக் கத்தினேன். அவரை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்து மறையும்வரை அந்த அறையில்தான் இருந்தேன். மணலில் ஜனவரி மாதத்துக் காலடி அப்படியே இருக்கிறது அண்ணா. என்னுடையதுதான்.

அத்தானுக்குக் கை எலும்பு முறிந்திருக்கிறது. நெற்றியில் தையல். வெளியே வந்ததும் சத்தியநேசன் என்னைப் பார்த்து, "எடது எதுன்னு இப்பம் மனசிலாச்சு டீச்சர்" என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் ஒரு முழம் கயிறு ஓடியிருந்தால் அத்தை மகனில்லாமல் போயிருப்பாள்.

ஒரு சொல் கேட்டேன். உங்களால் ஒரு சொல் தரமுடியவில்லை.

பகவதி

*

மதராஸ்
1937 அக்டோபர் 25

தங்கச்சி பகவதிக்கு ஆசீர்வாதம்.

நான் சுகம் என்றுதான் எழுதவேண்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோலப்பனுக்கு எப்படி இருக்கிறது? எந்தக் கை? எழுதுகிற கையா? அவனுக்கு ஆரஞ்சுப் பழம் அனுப்பியிருக்கிறேன்.

ஏன் எழுதினீர்கள் என்று ஏப்ரலில் கேட்டிருந்தாய். நான் மதராஸ் வருவதற்கு முன்பு டாட்ஸன் துரை வேலைக்கு ஆள் பார்த்தபோது, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர் என்று கேட்டார். குகைக்குப் போவேன் என்றேன். மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறீர் என்று கேட்டார். வாயில் வந்துவிட்டது. நீ சத்தம்போட்டுச் சொன்னதையெல்லாம் நான் கண்டதாகச் சொன்னேன். அதன்பிறகு சங்கத்து அறிக்கையும் அதற்கு ஒத்து இருக்கவேண்டியதாயிற்று.

இப்போது துரை கிறிஸ்துமஸ் லீவில் அங்கே வருகிறார். அறைக்குள் நானே அழைத்துப் போகவேண்டுமாம். எனக்குத் தூக்கம் இல்லை பகவதி. உண்மை தெரிந்தால் வேலை போய்விடும், அம்மைக்கு அனுப்புவதும் நின்றுவிடும். நீ ஒன்று செய்யவேண்டும். வாவல்பாறையில் தண்ணீர் ஏறிவிட்டது, இந்த வருஷம் ஒருவரும் நுழைய முடியாது என்று சத்தியநேசனைக் கொண்டு துரைக்கு ஒரு கடிதம் எழுதச் செய். இப்போது அங்கே உன் பேச்சுக்கு மதிப்பு வந்திருக்கிறது. நீ சொன்னால் எழுதுவார்.

உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்.

அண்ணன்

*

திருவனந்தபுரம்
1937 நவம்பர் 3

அண்ணனுக்கு,

அம்மை சுகம். வாவல்பாறைக்குப் போய்வந்ததிலிருந்து காலைப்பற்றிப் பேசுவதில்லை. அத்தானுக்கு முறிந்தது இடது கை, எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை. ஆரஞ்சு கிடைத்தது. என் ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது என்று அத்தை இப்போது சொல்லியனுப்பியிருக்கிறாள். கட்டு பிரிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் சொல்லியனுப்பினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் பாத்திரங்களை உருட்டினேன். என் பேச்சுக்கு மதிப்பு வந்திருக்கிறதாம், அதைக்கொண்டு முதல் காரியமாக உங்களுக்காக ஒரு பொய் சொல்லவேண்டுமாம். இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? முடியாது. ஏற்கெனவே ஒரு பொய் கோலப்பன் அத்தானைத் தலைகீழாகத் தொங்கவிட்டது. அடுத்த பொய்க்குத் துரையையும் தொங்கவிடச் சொல்கிறீர்களா?

அறைக்குப் பெயரை மாற்றச் சத்தியநேசன் உடனே கூட்டம் போடுகிறேன் என்றார். நான்தான் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கையெழுத்தால் வந்த பெயர், உங்கள் கையெழுத்தால்தான் போகவேண்டும்.

துரை வரட்டும். அவர் உடம்பு நுழையுமானால் நான் அழைத்துப் போகிறேன், காலை முதலில் விட்டு. நீங்களும் வாருங்கள். வெளியே நின்று கயிறு பிடியுங்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஜனவரியில் நான் உள்ளே இருந்த அத்தனை நேரமும் கயிறு ஒருமுறைகூடத் தொய்யவும் இல்லை, வெட்டி இழுக்கவும் இல்லை. இருட்டுக்குள் உங்கள் கை என் இடுப்பிலேயே இருந்தது மாதிரி இருந்தது. அதனால்தான் பிரிவைத் தாண்டி அடுத்த அடி வைக்க எனக்குத் தைரியம் வந்தது. செப்டம்பரில் அவர்கள் இழுத்த இழுப்பைப் பார்த்தபிறகுதான் அதன் அருமை தெரிந்தது. துரையிடம் அதையும் நான் சொல்வேன். உள்ளே போகத் தெரிந்த மனிதர் என்றால் கயிறு பிடிக்கிறவனை வேலையிலிருந்து அனுப்பமாட்டார். அனுப்பினால் வீட்டுக்கு வாருங்கள். அம்மையும் நானும் இருக்கிறோம், என் சம்பளம் இருக்கிறது.

ஆனால் வருவதற்கு முன்னால் சத்தியநேசனுக்கு அந்தக் கார்டு வந்திருக்கவேண்டும். துரைக்கும் உங்கள் வாயால் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று. இந்தத் தடவை அங்கத்தினர்களுக்கு எலுமிச்சஞ்சோறு நீங்கள் கிண்டிக்கொண்டு வருகிறீர்கள். குகைவாயிலில் நின்று நீங்களே பரிமாறுகிறீர்கள்.

பகவதி

*

மதராஸ்
1937 டிசம்பர் 9

தங்கச்சி பகவதிக்கு ஆசீர்வாதம்.

சுகம். சத்தியநேசனுக்குக் கார்டு போட்டுவிட்டேன். மார்ச்சில் நீ எழுதியிருந்த அதே வரிதான், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. துரையிடம் இன்று காலை சொன்னேன். உன் தங்கை எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. என்னை வைத்துக்கொள்வாரா என்பது தெரியாது. இருபத்துமூன்றாம் தேதி எக்ஸ்பிரஸில் இருவரும் புறப்படுகிறோம்.

துரையையும் கோலப்பனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். அத்தனை பேருக்கு எத்தனை எலுமிச்சம்பழம் பிழியவேண்டும் என்று அம்மையிடம் கேட்டு எழுது. சோறு ஆறினபிறகு சாற்றை விடவேண்டுமா, சூட்டிலேயே விடலாமா என்பதையும் கேள்.

குற்றாலலிங்கம்